ஒரே டாம்கேட்டில் பல ஆப், ஒரே கனெக்ஷன் பூல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு டாம்கேட் சர்வரில் இரண்டு மூன்று ஜாவா ஆப்களை ஓட்டுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. வேறு மாதிரி சொல்லாத இடத்தில் எல்லாம் டாம்கேட் 8-ஐயும் அதற்குப் பிந்தைய பதிப்புகளையும் அதோடு கூடவே வரும் டிபிசிபி 2 பூலையும் மனதில் வைத்துப் படியுங்கள். உதாரணத்துக்கு ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்கிறேன்: சேர்க்கை, கட்டணம், தேர்வு முடிவு என்று மூன்று ஆப், மூன்றும் ஒரே டாம்கேட்டில், பின்னால் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்.

கனெக்ஷன் பூல்னா என்ன? ஆப் நேரா டேட்டாபேஸோட பேசினா ஆகாதா?

பேசலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் புதுக் கனெக்ஷன் திறக்க வேண்டும். நெட்வொர்க்கில் கைகுலுக்கல், டிஎல்எஸ் இருந்தால் அதற்கு ஒரு சுற்று, பாஸ்வேர்டு சோதனை, அதற்கு மேல் போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனியாக ஒரு ப்ராசஸையே உருவாக்குகிறது. சில மில்லிசெகண்டில் முடிகிற ஒரு சின்ன க்வெரிக்காக இவ்வளவையும் செய்தால் க்வெரியை விட அதற்கான ஏற்பாட்டுக்குத்தான் அதிக நேரம் போகும். பூல் சில கனெக்ஷன்களைத் திறந்து கையில் வைத்துக்கொள்கிறது, ஆப் ஒன்றைக் கடன் வாங்கி, வேலையை முடித்து, திருப்பித் தருகிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூலில் வாங்கிய கனெக்ஷனில் க்ளோஸ் என்று கூப்பிட்டால் அது மூடப்படுவதில்லை, பூலுக்குத் திரும்பப் போகிறது. "மூடிட்டா மறுபடி திறக்கணுமே" என்று நினைத்து க்ளோஸ் செய்யாமல் விடுகிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கீழே வருகிற பாதிப் புகார்கள் அங்கிருந்துதான் வருகின்றன.

சரி, பூலை ஷேர் பண்றதுன்னா எது ஷேர் ஆகுது?

டேட்டாபேஸுக்குத் திறந்து வைத்த கனெக்ஷன்கள் மட்டும். சாதாரணமாக ஒவ்வொரு ஆப்பும் தனக்கென்று ஒரு பூல் வைத்துக்கொள்ளும். ஷேர் செய்யும்போது பூலை டாம்கேட் மட்டத்தில் ஒரு தடவை வரையறுத்துவிட்டு, ஆப்கள் அதற்கு ஒரு இணைப்பை மட்டும் வைத்துக்கொள்கின்றன. இதைப் பொதுப் பூல் என்றும் மற்றதைத் தனிப் பூல் என்றும் கீழே சொல்கிறேன்.

கூடவே இன்னொன்றும் பொதுவாகிவிடுகிறது, அதை யாரும் கேட்பதில்லை: உச்ச வரம்பு. பூலில் 25 கனெக்ஷன் என்றால் மூன்று ஆப்புக்கும் சேர்த்து 25. இந்த ஆப்புக்குப் பத்து, அந்த ஆப்புக்குப் பதினைந்து என்று பூலுக்குள் கோடு போட வழி கிடையாது. முதலில் கேட்டவருக்கு முதலில் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஷேர் பண்ணினா ஆப் வேகமாகுமா?

ஆகாது. ஏற்கெனவே தனிப் பூல் இருந்தால் வேகத்தில் வித்தியாசமே தெரியாது. லாபம் எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

போஸ்ட்கிரெஸில் மேக்ஸ் கனெக்ஷன்ஸ் இயல்பாக 100, அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கி வைக்கப்படும், மிச்சம் 97. மைஎஸ்க்யூஎல்லில் இயல்பு 151. இப்போது ஒரே மாதிரி மூன்று டாம்கேட் சர்வர், ஒவ்வொன்றிலும் ஐந்து ஆப், ஒவ்வொரு ஆப்புக்கும் 8 கனெக்ஷன் உள்ள தனிப் பூல் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 3 × 5 × 8 = 120. எல்லா ஆப்பும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகும் நாள் வரை ஒன்றும் தெரியாது, அன்றைக்கு இனி இடம் இல்லை என்று போஸ்ட்கிரெஸ் கதவைச் சாத்திவிடும். ஒவ்வொரு டாம்கேட்டிலும் 25 உள்ள ஒரு பொதுப் பூல் வைத்தால் மொத்தம் 75-ஐத் தாண்டவே முடியாது. ஆப்களின் உச்ச நேரம் வேறு வேறாக இருந்தால்தான் இது நன்றாக வேலை செய்யும். சேர்க்கை ஜூனில், தேர்வு முடிவு நவம்பரில் என்றால் பொருத்தம். எல்லாமே காலை பத்து மணிக்கு முட்டுகிற ஆப்கள் என்றால் வரிசை டேட்டாபேஸ் வாசலில் இருந்து பூல் வாசலுக்கு இடம் மாறும், குறையாது.

எப்படி செய்யறது? ஸ்டெப் பை ஸ்டெப்பா சொல்லுங்க.

மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும். முதலில் டேட்டாபேஸ் டிரைவர் ஜாரை (ஜாவா டேட்டாபேஸோடு பேசுவதற்கான கோட் உள்ள ஃபைல்) டாம்கேட்டின் லிப் ஃபோல்டரில் போடுங்கள். அடுத்து கான்ஃப் ஃபோல்டரில் உள்ள சர்வர்.எக்ஸ்எம்எல்லைத் திறந்தால் குளோபல் நேமிங் ரிசோர்சஸ் என்று ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கும், யூசர் டேட்டாபேஸ் பற்றிய ஒரு வரியும் அதற்குள் இருக்கும். அதற்குக் கீழே ஒரு ரிசோர்ஸ் போடுங்கள்: ஒரு பெயர், டைப்பாக டேட்டாசோர்ஸ், டிரைவர் க்ளாஸ், யூஆர்எல், யூசர், பாஸ்வேர்டு, அளவுகள். பெயரை "ஜேடிபிசி/கல்லூரி" மாதிரி எதுவாக வேண்டுமானாலும் வைக்கலாம், இது சர்வருக்குள் மட்டும் தெரியும் பெயர்.

மூன்றாவது, ஒவ்வொரு ஆப்பின் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரிலும் இருக்கும் கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்லில் ஒரு ரிசோர்ஸ்லிங்க். அதில் நேம் என்பது ஆப் கூப்பிடும் பெயர், குளோபல் என்பது சர்வரில் வைத்த பெயர், டைப் மறுபடியும் டேட்டாசோர்ஸ். இரண்டு பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு லாகை வைத்துத் தேடும்போது ஒரே பெயராக இருந்தால் உங்களுக்கே நல்லது. கோடில் தேடும்போது பெயருக்கு முன்னால் "ஜாவா:காம்ப்/என்வ்/" சேர்க்க வேண்டும்.

சர்வர்.எக்ஸ்எம்எல்லை மாற்றினால் டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்தே ஆக வேண்டும், தானாக எடுத்துக்கொள்ளாது.

கான்ஃப்ல இருக்கற பொது கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல்லயே ரிசோர்ஸைப் போட்டேன். எல்லா ஆப்புக்கும் கிடைக்குது. இதுவும் ஷேரிங் தானே?

இல்லை. இந்த விஷயத்தில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம், ஏனென்றால் எல்லாம் சரியாக வேலை செய்கிற மாதிரியே இருக்கும். அந்த ஃபைல் எல்லா ஆப்புக்கும் பொதுவான ஒரு அச்சு. டாம்கேட் ஒவ்வொரு ஆப்பை ஏற்றும்போதும் அதைப் படித்து, அந்த ஆப்புக்கென்று புதிதாக ஒரு பூல் செய்கிறது. ஒரே ஒரு தடவை 25 என்று எழுதியிருப்பீர்கள், ஐந்து ஆப் இருந்தால் 125 வரை போகும். கூடவே வரும் மேனேஜர் ஆப்புக்கும் அதே வரையறை போய்ச் சேரும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். மூன்று ஆப்பிலும் லேசாக லோடு கொடுத்துவிட்டு போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் (இப்போது திறந்திருக்கும் கனெக்ஷன்களைக் காட்டும் பட்டியல்) பூலின் யூசர் பெயரில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணுங்கள். நீங்கள் வைத்த உச்ச வரம்பைத் தாண்டினால் அது ஷேரிங் இல்லை. அதே பொதுக் கான்டெக்ஸ்ட் ஃபைலில் ரிசோர்ஸுக்குப் பதிலாக ரிசோர்ஸ்லிங்க் போட்டால் அது உண்மையான ஷேரிங்தான், ஆனால் அப்போது அந்த டாம்கேட்டில் உள்ள எல்லா ஆப்புக்கும் டேட்டாபேஸ் வழி திறந்துவிடும். அதனால் ஆப் ஆப்பாகப் போடுவதையே நான் சொல்வேன்.

"கேன்னாட் கிரியேட் ஜேடிபிசி டிரைவர்... கனெக்ட் யூஆர்எல் நல்" னு வருது. யூஆர்எல்லை சரியாத்தான் கொடுத்திருக்கேன் அண்ணா.

கொடுத்திருப்பீர்கள், ஆனால் ஆப் அந்த பூலுக்குப் போய்ச் சேரவே இல்லை. அந்த வரியில் டிரைவர் க்ளாஸ் இருக்க வேண்டிய இடம் வெறும் மேற்கோள் குறிகளாகக் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். வெப்.எக்ஸ்எம்எல்லில் ரிசோர்ஸ்-ரெஃப் என்று ஒரு பெயர் சொல்லியிருப்பீர்கள், அதே பெயரில் ரிசோர்ஸ்லிங்க் இருக்காது அல்லது ஒரு எழுத்து மாறியிருக்கும். டாம்கேட் அந்தப் பெயருக்கு யூஆர்எல்லும் இல்லாத, டிரைவரும் இல்லாத ஒரு வெற்றுப் பூலைச் செய்து கையில் கொடுத்துவிடுகிறது.

பெயர் சரியாக இருந்தும் வந்தால் கான்ஃப் ஃபோல்டருக்குள் கேட்டலினா, அதற்குள் லோக்கல்ஹோஸ்ட் என்ற ஃபோல்டரைப் பாருங்கள். உங்கள் ஆப் பெயரில் அங்கே ஒரு பழைய எக்ஸ்எம்எல் கிடந்தால் அதைத்தான் டாம்கேட் எடுத்துக்கொள்ளும், வார் ஃபைலுக்குள் (ஆப்பைப் பொதித்து வைத்த ஃபைல்) நீங்கள் அழகாக எழுதி வைத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

டிரைவர் ஜார் ஏற்கெனவே ஆப்போட வெப்-இன்ஃப் லிப்ல இருக்கே, அது போதாதா?

தனிப் பூலை ஆப்பே தன் கோடில் செய்துகொண்டால் போதும். பொதுப் பூலைச் செய்வது டாம்கேட். அதன் க்ளாஸ்லோடருக்கு, அதாவது க்ளாஸ்களை ஏற்றும் பகுதிக்கு, ஆப்பின் உள்ளே இருக்கும் ஜார்கள் தெரியாது. லிப் ஃபோல்டரில் போட்ட பிறகு ஆப்பில் இருப்பதை எடுத்துவிடுங்கள், இரண்டு இடத்திலும் இருந்தால் என்ன ஆகும் என்று கீழே ஒரு கேள்வி வருகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு: எல்லா ஆப்புக்கும் டிரைவர் பதிப்பு ஒன்றேதான், ஒரு ஆப்புக்காக மாற்றினால் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மேக்ஸ்ஆக்டிவ் 50 னு வெச்சிருக்கேன், ஆனா 8-க்கு மேல போகவே மாட்டேங்குது. ஏன்?

பழைய கட்டுரையில் இருந்து எடுத்து ஒட்டியிருப்பீர்கள். டாம்கேட் 7 வரை டிபிசிபி 1, அதில் பூலின் உச்ச வரம்புக்கு அந்தப் பெயர் சரி. 8-இல் இருந்து டிபிசிபி 2, அங்கே மேக்ஸ்டோட்டல் என்று மாறிவிட்டது, மேக்ஸ்வெயிட்டும் மேக்ஸ்வெயிட்மில்லிஸ் ஆகிவிட்டது. பழைய பெயரைக் கொடுத்தால் லாகில் ஒரு எச்சரிக்கை வரி எழுதிவிட்டு இயல்பு மதிப்பை வைத்துக்கொள்ளும், அந்த இயல்பு மதிப்புதான் 8. ஸ்டார்ட் ஆகும்போது வருகிற எச்சரிக்கைகளை ஒரு தடவையாவது நிதானமாகப் படியுங்கள்.

டாம்கேட்டில் இன்னொரு பூலும் இருக்கிறது, டாம்கேட் ஜேடிபிசி பூல் என்பார்கள், ரிசோர்ஸில் ஃபேக்டரி என்ற இடத்தில் அதன் பெயரைக் கொடுத்தால்தான் வரும். அங்கே இன்னும் மேக்ஸ்ஆக்டிவ்தான், இயல்பு 100. ஆக ஒரு செட்டிங்கை எழுதும் முன் எந்த பூலுக்கு எழுதுகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்போ எத்தனை வைக்கலாம்? ஒரு நம்பர் சொல்லுங்களேன்.

மேலே போட்ட கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். டேட்டாபேஸ் தாங்கும் எண்ணிக்கையில் இருந்து பேக்கப், மானிட்டரிங், கையால் உள்ளே போய்ப் பார்க்கிற ஆட்களுக்காகக் கொஞ்சம் கழித்து, மிச்சத்தை டாம்கேட் சர்வர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் மேல் எல்லை. அதை விடக் குறைவாக ஆரம்பியுங்கள். டாம்கேட்டில் ரிக்வெஸ்ட் த்ரெட் இயல்பாக 200 வரை போகும் என்பதற்காகக் கனெக்ஷனும் 200 வேண்டும் என்று நினைப்பது தப்பு. டேட்டாபேஸ் மெஷினில் எட்டு கோர் இருந்தால் ஒரு நேரத்தில் எட்டு வேலைதான் உண்மையில் ஓடும், மிச்சம் எல்லாம் டிஸ்குக்கும் லாக்குக்கும் காத்திருக்கும். கனெக்ஷனைக் கூட்டக் கூட்ட ஒரு கட்டத்துக்கு அப்புறம் வேகம் குறையவே செய்யும்.

இரண்டு செட்டிங்கைக் கட்டாயம் தொடுங்கள். ஒன்று மேக்ஸ்ஐடில்: இதன் இயல்பும் 8. மேக்ஸ்டோட்டலை 25 ஆக்கிவிட்டு இதை விட்டுவிட்டால், சும்மா இருக்கும் கனெக்ஷன் ஏற்கெனவே எட்டு இருக்கும்போது திரும்பி வருவது நிஜமாகவே மூடப்படும், அடுத்த நெரிசலில் மறுபடி திறக்கப்படும், பூல் வைத்ததன் பயனே போய்விடும். இன்னொன்று மேக்ஸ்வெயிட்மில்லிஸ்: இயல்பு மைனஸ் 1, அதாவது கனெக்ஷன் கிடைக்கும் வரை காலவரையறை இல்லாமல் காத்திருக்கும். எரர் வராது, லாகில் ஒரு வரியும் இருக்காது, பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கும். 5000 அல்லது 10000 வையுங்கள், எரராவது வரட்டும்.

ஒரு ஆப் தொங்கினா மத்த ஆப்பும் சேர்ந்து தொங்குது. இதுக்குத்தான் ஷேர் பண்ணச் சொன்னீங்களா?

நியாயமான கோபம்தான். அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே மேல்நிலைத் தொட்டி என்றால், ஒரு வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டால் மற்ற எல்லா வீட்டிலும் தண்ணீர் நின்றுவிடும். தேர்வு முடிவு ஆப்பில் ஒரு இடத்தில் எக்ஸப்ஷன் வந்தால் மட்டும் க்ளோஸ் ஆகாமல் தப்பிக்கிற ஒரு கனெக்ஷன் இருந்தாலே போதும், ஒவ்வொரு எரருக்கும் ஒன்றாகப் பூல் வற்றி, கடைசியில் ஒரு தப்பும் செய்யாத கட்டண ஆப் நின்றுவிடும். தனிப் பூலாக இருந்திருந்தால் தேர்வு முடிவு மட்டும் நின்றிருக்கும், யாரைப் பிடிக்க வேண்டும் என்றும் உடனே தெரிந்திருக்கும்.

அதனால் என் கருத்து இது: ஒரே டீம் எழுதும், ஒரே தரத்தில் சோதிக்கும், ஒன்று நின்றால் மற்றதும் பயன்படாது என்கிற ஆப்களை மட்டும் ஒரு பூலில் சேருங்கள். வேறு கம்பெனி எழுதிக் கொடுத்த ஆப்பையும் பணம் வாங்குகிற ஆப்பையும் ஒரு பூலில் வைக்காதீர்கள், கனெக்ஷன் எவ்வளவு மிச்சமானாலும் சரி. பாதி வழியும் உண்டு. சர்வர்.எக்ஸ்எம்எல்லில் இரண்டு ரிசோர்ஸ் போடுங்கள், கட்டணத்துக்கு 10, மற்ற இரண்டுக்கும் சேர்த்து 15. மொத்தம் 25-தான், ஆனால் கட்டணம் தனியாகப் பிழைத்துக்கொள்ளும்.

லீக் ஆனதைத் தானா பிடுங்கற செட்டிங் இருக்காமே?

இருக்கிறது. லீக் என்பது ஆப் வாங்கிவிட்டுத் திருப்பித் தராத கனெக்ஷன். ரிமூவ்அபேண்டண்ட்ஆன்பாரோ என்பதை ட்ரூ ஆக்கினால், பூல் கிட்டத்தட்ட காலியாகும்போது, 300 செகண்டுக்கு மேல் யாரும் தொடாமல் வைத்திருக்கும் கனெக்ஷனைப் பிடுங்கிக்கொள்ளும். கூடவே லாக்அபேண்டண்டையும் ட்ரூ ஆக்குங்கள். அந்தக் கனெக்ஷனை எந்த வரியில் வாங்கினார்கள் என்று ஸ்டாக் ட்ரேஸோடு எழுதும், க்ளாஸ் பெயரைப் பார்த்தாலே எந்த ஆப் என்று தெரிந்துவிடும். பொதுப் பூலில் இதைவிட உருப்படியான சாட்சி கிடையாது.

ஆனால் இதையே மருந்தாக நம்பிவிடாதீர்கள். 300 செகண்டைத் தாண்டி ஓடுகிற ஒரே ஒரு பெரிய ரிப்போர்ட் க்வெரி இருந்தால் அதுவும் லீக் மாதிரியே தெரியும், பாதியில் பிடுங்கப்படும். ட்ரேஸில் வந்த இடத்துக்குப் போய் ட்ரை-வித்-ரிசோர்சஸ் (வேலை முடிந்தாலும் எக்ஸப்ஷன் வந்தாலும் தானாக க்ளோஸ் செய்யும் ஜாவா அமைப்பு) போட்டுச் சரி செய்துவிட்டால் இந்த செட்டிங்கே தேவைப்படாது.

முன்னாடி எல்லாம் ஆப்பை மட்டும் ரீலோட் பண்ணினா சரியாயிடும், இப்ப ஆகலையே?

தனிப் பூல் ஆப்போடு சேர்ந்து போய்விடும், லீக்கும் அதோடு போகும். பொதுப் பூல் டாம்கேட்டோடு வாழ்கிறது. ஆப்பை அன்டிப்ளாய் செய்தாலும் அது திருப்பித் தராத கனெக்ஷன்கள் "வெளியே போயிருக்கிறது" என்ற கணக்கிலேயே நிற்கும். மேலே சொன்ன செட்டிங் பிடுங்க வேண்டும், இல்லையென்றால் டாம்கேட்டையே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீலோடை மருந்தாகப் பயன்படுத்தி வந்தவர்களுக்கு லீக் அப்போதும் இருந்தது, வெளியே தெரியவில்லை.

ஒரு ஆப்ல செட் பண்ணின ஸ்கீமா இன்னொரு ஆப்ல தெரியுது. பேய் மாதிரி இருக்கு, எப்படி?

கனெக்ஷனுக்கு ஞாபகம் உண்டு. சேர்க்கை ஆப் ஒரு கனெக்ஷனை வாங்கி சர்ச்_பாத்தை (எந்த ஸ்கீமாவில் தேட வேண்டும் என்ற செட்டிங்) மாற்றிவிட்டு அப்படியே திருப்பித் தருகிறது, அடுத்த நிமிடம் அதே கனெக்ஷன் கட்டண ஆப்பின் கைக்குப் போகிறது. டெம்பரரி டேபிள், அட்வைசரி லாக், செஷன் வேரியபிள், டைம்சோன் எல்லாம் இப்படித்தான் ஒட்டிக்கொண்டு வரும். டிபிசிபி 2 திரும்ப வாங்கும்போது கமிட் ஆகாததை ரோல்பேக் செய்து ஆட்டோகமிட்டை மறுபடி போட்டுவிடும். டாம்கேட் ஜேடிபிசி பூல் சொல்லாமல் அந்த ரோல்பேக்கைக்கூடச் செய்யாது. இரண்டுமே நீங்கள் எஸ்க்யூஎல்லில் "செட்" என்று கொடுத்ததைத் துடைப்பதில்லை.

போஸ்ட்கிரெஸில் செட் என்பதற்குப் பதில் ட்ரான்சாக்ஷனுக்குள் செட் லோக்கல் என்று கொடுங்கள், ட்ரான்சாக்ஷன் முடிந்ததும் தானாகப் போய்விடும். முக்கியமாக, "இப்போது லாகின் செய்தவர் யார்" என்று செஷன் வேரியபிளில் வைத்து அதை நம்பி வரிகளை வடிகட்டுகிற ஆப் இருந்தால் அதைப் பொதுப் பூலில் சேர்க்கும் முன் ஒவ்வொரு வழியையும் சரிபாருங்கள். ஸ்கீமா மாறினால் எரர் வரும், அதோடு போகும். ஆள் மாறினால் ஒருவருடைய மார்க்கை இன்னொருவர் பார்ப்பார், எரரும் வராது.

ஒவ்வொரு ஆப்புக்கும் வேற டேட்டாபேஸ் யூசர். அப்பவும் ஒரே பூல் போதுமா?

பூலில் இருக்கும் எல்லாக் கனெக்ஷனும் ஒரே யூசராக லாகின் ஆனவை. டிபிசிபி 2-இல் வாங்கும்போது வேறு யூசர் பெயர் கொடுத்தால் முடியாது என்று எரரே வரும். டாம்கேட் ஜேடிபிசி பூலில் வழி இருக்கிறது: ஆல்டர்னேட்யூசர்நேம்அலவ்ட் என்பதை ட்ரூ ஆக்கி, ரிசோர்ஸ்லிங்கில் டேட்டாசோர்ஸ்லிங்க்ஃபேக்டரியையும் அந்த ஆப்பின் யூசர், பாஸ்வேர்டையும் கொடுக்கலாம். ஆனால் கையில் கிடைத்த கனெக்ஷன் வேறு யூசருடையதாக இருந்தால் அதை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கும். ஆப்கள் மாறி மாறி வந்தால் முதல் கேள்வியில் சொன்ன செலவு அப்படியே திரும்பி வந்துவிடும். தனித்தனி யூசர் வைத்திருப்பது பாதுகாப்புக்கு நல்ல பழக்கம், பூலுக்காக அதைக் கைவிடாதீர்கள், சின்னச் சின்னத் தனிப் பூலாக வைத்துக்கொள்ளுங்கள்.

டேட்டாபேஸே வேறு என்றால் போஸ்ட்கிரெஸில் பேச்சே இல்லை, ஒரு கனெக்ஷன் ஒரு டேட்டாபேஸோடு கட்டப்பட்டது. மைஎஸ்க்யூஎல்லில் மாற்றலாம், அப்போது போன கேள்வியின் பேய் இன்னும் பெரிதாக வரும்.

இரண்டு ஆப்பும் ஒரே பூல்னா ஒரே ட்ரான்சாக்ஷன்ல வேலை செய்யலாமா?

முடியாது. ஒரு நேரத்தில் ஒரு கனெக்ஷன் ஒருவர் கையில்தான். ஆளுக்கு ஒன்று வாங்கினால் ஆளுக்கு ஒரு ட்ரான்சாக்ஷன்.

எந்த ஆப் கனெக்ஷனை எல்லாம் தின்னுதுன்னு டேட்டாபேஸ் பக்கத்துல இருந்து எப்படிப் பார்க்கறது? டிபிஏ கேட்கறார்.

எல்லாக் கனெக்ஷனும் ஒரே யூசர், ஒரே ஐபி, ஒரே அப்ளிகேஷன் நேமோடு தெரிவதால் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏவுக்கு ஒன்றும் புரியாது. போஸ்ட்கிரெஸ் டிரைவரில் கனெக்ஷனை வாங்கியதும் செட்க்ளையன்ட்இன்ஃபோ மூலம் ஆப்பின் பெயரைக் கொடுத்தால் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் அப்ளிகேஷன்_நேம் என்ற நெடுவரிசையில் அது தெரியும். எல்லா ஆப்பும் கொடுக்க வேண்டும், ஒன்று விட்டாலும் முந்தையவர் பெயர் அப்படியே நிற்கும், பேய்க் கேள்வியில் பார்த்த அதே காரணம். "ஐடில் இன் ட்ரான்சாக்ஷன்" என்று நீண்ட நேரம் நிற்கிற வரிகளை முதலில் பாருங்கள்.

லீக் இல்லை, க்வெரி எல்லாம் வேகம், லோடும் கம்மி. ஆனா திடீர்னு எல்லாம் உறைஞ்சு போகுது சார்.

உங்கள் ஆப்களில் ஒன்று இன்னொன்றை ஹெச்டிடிபியில் கூப்பிடுகிறதா என்று பாருங்கள். கட்டண ஆப் பூலில் ஒரு கனெக்ஷனை வாங்கி, ட்ரான்சாக்ஷனை ஆரம்பித்துவிட்டு, மாணவர் விவரத்துக்காக அதே டாம்கேட்டில் இருக்கும் சேர்க்கை ஆப்பைக் கூப்பிடுகிறது. சேர்க்கை ஆப் பதில் சொல்ல அதே பூலில் ஒரு கனெக்ஷன் கேட்கிறது. ஆக ஒரு வேலைக்கு இரண்டு கனெக்ஷன். மேக்ஸ்டோட்டல் 8 என்றால், சரியாக எட்டுப் பேர் ஒரே விநாடியில் "பணம் கட்டு" அழுத்தினால் போதும்: எட்டு கனெக்ஷனும் கட்டண ஆப்பின் கையில், சேர்க்கை ஆப்பின் எட்டு ரிக்வெஸ்ட்டும் பூல் வாசலில். கட்டண ஆப் பதில் வந்தால்தான் விடும், கட்டண ஆப் விட்டால்தான் சேர்க்கை ஆப் பதில் சொல்லும். டேட்டாபேஸ் சும்மா உட்கார்ந்திருக்கும், சிபியூ சைபர். மேக்ஸ்வெயிட்மில்லிஸ் மைனஸ் 1-ஆகவே இருந்தால் யாராவது ரீஸ்டார்ட் செய்யும் வரை இப்படியே நிற்கும்.

ஜேஸ்டாக்கில் த்ரெட் டம்ப் எடுத்தால் தெளிவாகத் தெரியும்: பாதி த்ரெட்கள் பூலில் கனெக்ஷன் கேட்கும் பாரோஆப்ஜெக்ட்டில் காத்திருக்கும், மறு பாதி சாக்கெட்டைப் படிக்கக் காத்திருக்கும். தனிப் பூலாக இருந்தவரை இது வந்திருக்காது, பொதுப் பூலுக்கு மாறிய வாரத்தில் வரும். அளவைக் கூட்டுவதால் தள்ளிப்போகும், தீராது. கூப்பிட வேண்டியதைக் கனெக்ஷன் வாங்கும் முன்பே கூப்பிட்டு முடித்துவிடுங்கள். முடியாது என்றால் கூப்பிடப்படும் ஆப்புக்குத் தனிப் பூல். ஒரே ஆப்புக்குள் ஒரு த்ரெட் முதல் கனெக்ஷனை விடாமல் இரண்டாவதைக் கேட்டாலும் இதே கதைதான்.

"பிஜிகனெக்ஷனை பிஜிகனெக்ஷனா காஸ்ட் பண்ண முடியாது" னு வருது. ரெண்டும் ஒண்ணுதானே?

பெயர் ஒன்று, ஏற்றியவர் இருவர். டிரைவர் ஜார் டாம்கேட் லிப்பிலும் இருக்கிறது, ஆப்பின் உள்ளேயும் இருக்கிறது. பூல் கொடுத்த கனெக்ஷன் டாம்கேட் ஏற்றிய க்ளாஸ், உங்கள் கோட் ஒப்பிடுவது ஆப் ஏற்றிய க்ளாஸை, ஜாவாவுக்கு இவை இரண்டு வேறு டைப். ஆப்பில் இருக்கும் ஜாரை எடுத்துவிடுங்கள், மேவனில் ஸ்கோப்பை ப்ரொவைடட் ஆக்கினால் போதும்.

ரிசோர்ஸ்லிங்க் போடாத ஆப், பொதுப் பூலைத் தொட முடியுமா?

முடியக்கூடாது, ஆனால் பழைய பதிப்புகளில் முடிந்தது. 2016-இல் சிவிஇ-2016-6797 என்ற எண்ணில் வந்த ஓட்டை இதுதான்: லிங்க் இல்லாத ஆப்பும் பொது ரிசோர்ஸ்களை எட்டிப் பிடிக்க முடிந்தது. 8.5 வரிசையில் 8.5.5-இல், 7 வரிசையில் 7.0.72-இல் சரி செய்தார்கள். அதற்கும் பழையதை இன்னும் ஓட்டுகிறீர்கள் என்றால் பூலை விடுங்கள், முதலில் அதை மாற்றுங்கள்.

டாம்கேட் 10-க்குப் போறோம். டேட்டாசோர்ஸ் டைப்பையும் ஜகார்த்தானு மாத்தணுமா?

வேண்டாம். சர்வ்லெட் போன்றவைதான் ஜாவக்ஸ் என்ற பெயரை விட்டு ஜகார்த்தாவுக்குப் போயின. ஜாவக்ஸ் டாட் எஸ்க்யூஎல், ஜாவக்ஸ் டாட் நேமிங் இரண்டும் ஜாவாவின் சொந்தப் பகுதி, அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஃபைண்ட்-ரீப்ளேஸ் செய்தால்தான் பிரச்சினை.

எங்களுடையது ஸ்ப்ரிங் பூட், ஒவ்வொண்ணும் தனி ஜார். இதுக்கு ஷேர் பண்ண வழி உண்டா?

டாம்கேட் வழியில் இல்லை. பூல் ஒரு ஜேவிஎம்மை, அதாவது ஓடுகிற ஒரு ஜாவா ப்ராசஸை, தாண்டாது. ஒவ்வொரு ஸ்ப்ரிங் பூட் ஆப்பும் தனக்குள் ஒரு டாம்கேட்டையும் ஒரு ஹிகாரிசிபி பூலையும் வைத்துக்கொண்டு ஓடுகிறது, அந்தப் பூலின் இயல்பு அளவு 10. இருபது கன்டெய்னர் ஏறினால் 200. இப்படிப்பட்ட இடத்தில் டேட்டாபேஸுக்கு முன்னால் ஒரு நடுவாளை வைக்க வேண்டும்: போஸ்ட்கிரெஸுக்கு பிஜிபவுன்சர், மைஎஸ்க்யூஎல்லுக்கு ப்ராக்ஸிஎஸ்க்யூஎல்.

பிஜிபவுன்சர் 6432 போர்ட்டில் கேட்கும், யூசர்-டேட்டாபேஸ் ஜோடிக்கு ஒரு பூல் என்று பிரித்து வைத்துக்கொள்ளும். இயல்பாக வருவது செஷன் மோட், அதில் ஆப் கனெக்ஷனை மூடும் வரை பின்னால் ஒன்று பிடிபட்டே இருக்கும், ஆப்பிலும் பூல் இருந்தால் பெரிதாக எதுவும் மிச்சமாகாது. ட்ரான்சாக்ஷன் மோடில்தான் லாபம். அங்கே ஒவ்வொரு ட்ரான்சாக்ஷனும் வேறு கனெக்ஷனில் போகலாம் என்பதால், பேய்க் கேள்வியில் சொன்ன செட், டெம்பரரி டேபிள் எல்லாமே கைவிட வேண்டியவை. ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் 2023-இல் வந்த 1.21 பதிப்பில் இருந்துதான் அந்த மோடில் சரியாக ஓடுகிறது, அதற்கு மேக்ஸ்_ப்ரிப்பேர்ட்_ஸ்டேட்மென்ட்ஸ் மதிப்பு சைபராக இருக்கக்கூடாது.

பிஜிபவுன்சர் போட்டாச்சு. அப்புறம் ஆப்ல பூல் எதுக்கு, எடுத்துடலாமா?

எடுக்காதீர்கள், சின்னதாக்குங்கள். பிஜிபவுன்சருக்குப் போகிற வழியிலும் நெட்வொர்க்கும் பாஸ்வேர்டு சோதனையும் இருக்கின்றன, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் அதைச் செய்ய வேண்டியதில்லை. அதன் மேக்ஸ்_க்ளையன்ட்_கான் இயல்பாக 100 என்பதையும் பாருங்கள், எல்லா ஆப்பின் பூலையும் கூட்டினால் அதைத் தாண்டக்கூடும். பின்பக்க வரம்பான டீஃபால்ட்_பூல்_சைஸ் 20, அது யூசர்-டேட்டாபேஸ் ஜோடிக்கு 20. கல்லூரியின் மூன்று ஆப்புக்கும் மூன்று யூசர் என்றால் 60 கனெக்ஷன் போஸ்ட்கிரெஸில் விழும், அதை 97-இல் கழித்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.